ஓர வரிசைக் கடலை

பொங்கலன்று காலை பால் பொங்கும் நேரத்தில் பாமா வீட்டில் இல்லை. "பண்ணை வரைக்கும் போயிட்டு இதோ வந்துடறேன்" என்று கிளம்பியவள், சாங்வியில் எங்கள் வீட்டு வாசலில் திரும்பி வந்து நின்றபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏன்னா, ஸ்கூட்டரை எடுங்கோ. செடியைக் காணோம்."

எந்தச் செடி என்று நான் கேட்கவில்லை. பதினான்கு வருஷமாக எங்கள் வீட்டில் அந்த ஒரே பேச்சுதான். நான் பேங்க் மாற்றலில் புனேக்கு வந்தேன். அவள் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, காட்டுக் கொண்டைக்கடலையையும் வயல் கடலையையும் சேர்த்துவைக்கப் புறப்பட்டாள். காட்டுச் செடிக்கு வாடல் நோய் வராது. அந்தக் குணத்தை வயல் செடிக்குக் கொண்டுவர வேண்டும். வருஷா வருஷம் பூப்பூவாக இடுக்கியால் மகரந்தம் தடவினாள். எல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தன. "ஊரெல்லாம் மனுஷாளுக்கு ஜாதகம் பாக்கறா, நீ கடலைக்குப் பாக்கறே" என்று நானும் கிண்டலடித்தே காலத்தை ஓட்டினேன். 2002 மார்ச்சோடு திட்டத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் ஒரு செடி, ஒரே ஒரு செடி, காய் பிடித்தது.

மூடப்போகிற திட்டத்துக்கு வயலில் இடம் ஏது? வேறொருவர் பாத்தியின் ஓர வரிசையில், யாரும் கேள்வி கேட்காதிருக்கச் பெயர்ச் சீட்டுகூடக் கட்டாமல் அதை நட்டிருந்தாள். ஓர வரிசை ஆராய்ச்சிக் கணக்கில் வராது. பாத்திக்குக் காவல், அவ்வளவுதான். சங்கராந்திக்கு முன்தினம் பூஜைக்கென்று ஊழியர்கள் அதை வேரோடு பிடுங்கிக்கொண்டு போவது அங்கே வழக்கம். அத்தனை வருஷம் அங்கே குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். போகிக்கு வீட்டில் ஒட்டடை அடித்ததில் மறந்துபோனாள். படித்த முட்டாள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பிடுங்கியது அலுவலகத்து சுஷ்மா என்று காவலாளி சொல்லியிருந்தான். போபோடியில் அவள் வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது பூஜை முடிந்திருந்தது. சாமி முன்னால் வரிசையாகச் சிறு மண்சட்டிகள். உள்ளே பச்சைக் கடலைக் காய், கேரட், கரும்புத் துண்டு, இலந்தைப்பழம். விஷயம் தெரிந்ததும் சுஷ்மா தலையில் அடித்துக்கொண்டாள். கோடியில் இருந்த செடியைக் கடைசியாகத்தான் பிடுங்கினாளாம். அதன் காய் மற்றக் காய்களோடு கலந்து கடைசிச் சட்டியில்தான் இருக்குமாம்.

பாமா கை நீட்டினாள். சுஷ்மாவின் மாமியார் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். பூஜையில் வைத்ததைக் கிளறக் கூடாது, சுமங்கலிக்குத் தானமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றாள் மராட்டியில். "நீ சுமங்கலிதானே? உட்கார்."

ஒரு மஞ்சள் குங்குமத்துக்கும் போகாத என் மனைவி மறுபேச்சில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். மாமியார் குங்குமம் இட்டுச் சட்டியை அவள் மடியில் வைத்தாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், அதே சட்டியிலிருந்து ஒரு காயை உரித்து, பச்சை மணியை எள்ளுருண்டையோடு சேர்த்துப் பாமாவின் வாயில் போட்டுவிட்டாள்.

"திள்குள் க்யா, கோட் கோட் போலா." எள்ளுருண்டை எடுத்துக்கொள், இனிக்க இனிக்கப் பேசு.

பாமா என்னைப் பார்த்தாள். துப்பினால் அந்த வீட்டுக்கு அவமானம். கடித்தால் பதினான்கு வருஷம்.

"குழந்தைகள் எத்தனை?" என்றாள் மாமியார். பாமா இல்லையென்று தலையை ஆட்டினாள். "வாயைத் திறந்து பேசேன், இன்றைக்குப் பேசணும்."

"பல்வலி!" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் கத்திவிட்டு அவளை வெளியே இழுத்துவந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்சீட்டில் சட்டியை அணைத்தபடி, கன்னம் உப்பலாக, கடைவாயில் வழிந்த வெல்லத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. கேட் திறந்த பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆய்வகத்தில் உள்ளங்கையில் துப்பினாள். மணியின் தோலில் கீறல்கூட இல்லை. முற்றாத மணியை மண்ணில் போட்டால் முளைக்காது. எல்லா மணிகளையும் மருந்தில் கழுவி, உள்ளிருந்த கருவைப் பிரித்து, சோதனைக் குழாய்க்கு ஒன்றாக வைத்து, வாயில் இருந்த மணியின் குழாயில் மட்டும் தனிச் சீட்டு ஒட்டினாள்.

முளைத்தவை எல்லாம் ஒரே சாயல்; எது கலப்பு என்று தெரியவில்லை. "இலையைப் பாத்தாலே சொல்லிடுவேன், உங்க ஜெல்லெல்லாம் எனக்கெதுக்கு" என்று மரபணுப் பிரிவு ஹர்ஷாவிடம் வருஷக்கணக்கில் வீம்பு பேசியவள், இலைத்துணுக்குகளை எடுத்துக்கொண்டு அவனிடமே போனாள். காட்டுக் கடலையின் மரபணு இருந்தால் ஜெல்லில் அதற்கொரு தனிக் கோடு விழுமாம்.

பிப்ரவரி கடைசியில் எங்களைக் கூப்பிட்டனுப்பினான். புனேயிலேயே பிறந்த பையன். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"மேடம், எல்லாம் வயல் கடலை. காட்டுக் கோடு இல்லே."

பாமா என் கையை இறுகப் பிடித்தாள்.

"ஒண்ணு மட்டும் ரெண்டு கோடும் இருக்கு."

"எந்தக் குழாய்?"

"அது... நீங்க வாயிலே வெச்சிருந்தீங்கல்ல, அந்த தாணா... அந்த மணி."

பாமா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தப் பையன் முன்னாலேயே விசும்பி விசும்பி அழுதாள். நானும்தான்.