வண்டியிலிருந்து இறங்கியவன்

இன்னாசி செத்தது பட்டப்பகலில். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் வாசலில் நின்று உள்ளே வருகிற வண்டிகளின் நம்பரைக் குறிப்பது அவன் வேலை. அன்று மதியம் பின்னால் எடுத்த ஒரு டிரெய்லர் அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது.

அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த மனைவி சலேத்மேரி, சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றபடி அதைப் பார்த்தாள். டிரெய்லரிலிருந்து குதித்து இறங்கியவனையும் பார்த்தாள். யார்டு முதலாளி எட்வினின் மகன் ரிச்சி. காலேஜ் படிக்கிறவன், ஆசைக்கு வண்டியைத் தொட்டவன். அந்த வண்டியின் டிரைவர் தவ்ஃபீக் அப்போதுதான் டீக்கடையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். கையிலிருந்த கிளாஸைக் கீழே போடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஆனால் மறுநாள் ஸ்டேஷனில் சரணடைந்தவன் தவ்ஃபீக். வண்டியை எடுத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். சலேத்மேரி தான் பார்த்ததைச் சொன்னாள். "புருஷன் செத்த அதிர்ச்சில கீறம்மா. வூட்டுக்குப் போ," என்று அனுப்பிவிட்டார்கள். குற்றப்பத்திரிகையில் அவள், சத்தம் கேட்டபின் ஓடிவந்தவள் ஆகிவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்வினுக்கு எல்லாம் ஏறுமுகம். எண்ணூரில் இரண்டாவது யார்டு திறந்தார். ரிச்சிக்குப் புதுக் கார் வந்தது. சலேத்மேரி போகிற அதே கோயிலுக்கு எட்வின் புது மணிக்கூண்டு கட்டிக் கொடுத்தார். மாதா திருவிழாவில் தேர்வடத்தை முதலில் தொடும் மரியாதை அவருக்குக் கிடைத்தது. கூட்டத்தில் நின்ற சலேத்மேரிக்கு வயிறு எரிந்தது.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். "சாமி, ஆண்டவரு இதெல்லாம் பாத்துகினுதான் கீறாரா?"

"பார்க்கிறாரும்மா. அவருடைய நியாயம் தாமதமாகும், தப்பாது. அவர்கிட்ட விட்டுடு."

விட்டுவிட்டாள். சண்டை போடச் சக்தி இல்லாததால் அதுவே சுலபமாகவும் இருந்தது.

வழக்கு விசாரணைக்கு வரும் சமயத்தில் ஒரு மதியம், கல்மண்டபத்தில் அவள் குடியிருந்த வீட்டு வாசலில் பர்தா அணிந்த ஒரு பெண் வந்து நின்றாள்.

"நான் தவ்ஃபீக்கோட சம்சாரங்க்கா. ஜஸீமா. வண்ணாரப்பேட்டைல கீறோம்." உள்ளே வரத் தயங்கினாள். "ஒங்க கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன். ஜாமீன்ல வந்ததுலேந்து அவரு சரியா சாப்புடறதே இல்லக்கா. ஒங்க வூட்டுக்காரர் உசுர எடுத்த பாவம் அவர அரிச்சிகினே கீது."

சலேத்மேரி அவளை உற்றுப் பார்த்தாள். "ஒன் புருஷன் ஒன்கிட்ட இன்னா சொன்னாரு?"

"பின்னால பாக்காம எடுத்துட்டேன்னு."

"ஒன்கிட்டயுமா அந்தக் கதை? ஒன் புருஷன் டீக்கடைல நின்னுகினு இருந்தாரும்மா. வண்டியிலேந்து எறங்குனது எட்வின் புள்ள. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

ஜஸீமா அப்படியே தரையில் குந்திவிட்டாள். அழவில்லை. ஊரெல்லாம் கொலைகாரன் பெண்டாட்டி என்று பேசியதைக் கேட்டுக்கொண்டு திரிந்தவள். பிறகு நிமிர்ந்து சலேத்மேரியைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க இன்னாத்துக்குக்கா சும்மா கீறீங்க?"

"ஸ்டேஷன்ல சொன்னேன், எழுதல. அப்பால ஆண்டவர்கிட்ட வுட்டுட்டேன்."

"அவரு பாத்தத அவரு கேப்பாரு. நீங்க பாத்தத நீங்கதானே சொல்லணும்?"

ஜஸீமா அதைக் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். சலேத்மேரிக்குச் சுருக்கென்றது. நியாயம் வரவில்லையே என்று இத்தனை நாள் ஆண்டவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் திறக்க வேண்டிய வாயை அவரா வந்து திறப்பார்?

"கோர்ட்டுல சொல்றேன்," என்றாள். "நீ போய் ஒன் புருஷன்கிட்ட கேளு."

சலேத்மேரி அரசு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த செய்தி எட்வினுக்கு எட்டிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியிலேயே மறித்தார்.

"இன்னா மேரி, ஒரே கோயில் பங்குக்காரங்க நாம. நமக்குள்ள கோர்ட்டு எதுக்கு? நாயம் தீக்கறவரு மேல கீறாரு. அவருகிட்ட வுட்டுடேன்."

"வுட்டுட்டேண்ணே. தீர்ப்ப அவருகிட்டதான் வுட்டுக்கீறேன். சாட்சிய எங்கிட்டல்ல குடுத்துக்கீறாரு."

எட்வினின் முகம் மாறியது. "லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனான்னு நீ சொன்னா, இன்சூரன்ஸ்காரன் ஒனக்குக் குடுக்க வேண்டியத இழுத்தடிப்பான். ஒன் பொண்ணு நர்ஸிங் படிப்பு இன்னா ஆவும்? யோசிச்சியா?"

அந்தப் பணத்தை நம்பித்தான் அவள் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தாள். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்கட்டும்ணே," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

விசாரணையன்று காலை முழங்காலில் நின்றாள். "ஆண்டவரே, மன்னிக்க எனக்கு இன்னும் வரல. பயப்படாம சொல்லிட்டு வர மட்டும் தெம்பு குடு," என்று கேட்டாள்.

கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். குரல் ஒருமுறை உடைந்தது, வார்த்தை மாறவில்லை. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் தவ்ஃபீக்கின் வக்கீல். அவருக்குப் பணம் கொடுப்பது எட்வின். தன் கட்சிக்காரனை விடுவிக்கக்கூடிய சாட்சியையே அவர் பொய்யாக்கப் பார்த்தார்.

"எட்வின் மேல உள்ள பொறாமையில சொல்றீங்க."

"இல்லீங்க."

"அழுதுகிட்டு நின்ன நேரத்துல முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"அழுதது அப்பால. அத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

அவர் மேலும் குரலை உயர்த்தியபோது, பின்னால் நின்ற தவ்ஃபீக் திடீரென்று கத்தினான். "வுட்டுடு சார் அந்தம்மாவ! அவங்க சொல்றது நெசம். நான் வண்டியத் தொடவே இல்ல. குடும்பத்தப் பாத்துக்கறேன்னு மொதலாளி சொன்னாரு, ஒத்துக்கினேன்."

கோர்ட்டில் உட்கார்ந்திருந்த ஜஸீமா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். நீதிபதி எல்லாவற்றையும் பதிவு செய்தார். சில வாரங்களில், ரிச்சியையும் வழக்கில் சேர்த்துச் சம்மன் அனுப்ப உத்தரவிட்டார்.

எட்வின் சும்மா இருக்கவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். அவர் சொன்னபடியே சலேத்மேரிக்கு வரவேண்டிய இன்சூரன்ஸ் பணம் நின்றுபோனது. காலையில் மீன் ஏலத்தில் கூடை சுமந்தும், மாலையில் ஒரு கேட்டரிங்கில் பாத்திரம் தேய்த்தும் மகளின் படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டாள். தவ்ஃபீக்கின் வழக்கும் முடியவில்லை. அவன் ஐஸ் கம்பெனியில் பாரம் இறக்கினான், ஆனால் இப்போது வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். அந்த வருடமும் தேர்வடத்தை முதலில் தொட்டவர் எட்வின்தான்.

ஹைகோர்ட்டில் மறுபடி வாய்தா போட்ட ஒரு நாள், இரு பெண்களும் வெளியே பஸ்ஸுக்காக நின்றார்கள். எட்வினின் கார் அவர்களைக் கடந்து போனது.

"அந்தாளு நல்லாத்தானே கீறாரு," என்றாள் ஜஸீமா. "ஒங்களுக்கு ஆண்டவர் மேல கோவமே வரலியாக்கா?"

"வருது. தெனம் அவருகிட்ட சண்ட புடிக்கறேன்," என்றாள் சலேத்மேரி. "ஆனா அவரு கேக்காம வுடுவாருன்னு மட்டும் எனக்குத் தோணல. இங்க கேட்டாலும் சரி, அங்க கேட்டாலும் சரி. கேக்கறப்போ, நான் பாத்தத மறைச்சேன்னு என்ன ஒரு வார்த்த சொல்லக்கூடாது. அதான்."

திருவொற்றியூர் பஸ் வந்தது. நெரிசலில் ஜஸீமாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, அவளும் ஏறினாள்.

"அடுத்த வாய்தா இன்னா தேதி சொன்னாங்க?" என்று கேட்டாள்.