மேட்டு நிலத்துக்கு ஒரு கையெழுத்து

தோரிகா படகிலிருந்து இறங்கியபோது ஊர்த்தலைவர் இலைசா இஸ்திரி போட்ட சட்டையில் கரையில் நின்று கைகுலுக்கினார். அவருக்குப் பின்னால் நாங்கள் பன்னிரண்டு பெண்கள், விரல் நகங்களில் மண்ணோடு. தோரிகா தலைநகர் சுவாவிலிருந்து வந்த மானிய அதிகாரி. எங்கள் விண்ணப்பம் தேர்வாகியிருந்தது. ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. அதைத்தான் இலைசா ஒரு மாதமாகப் போடாமல் வைத்திருந்தார்.

புயல் வந்து ஒரு வருடம். கடல் ஏறி வந்ததில் கீழ்த்தோட்டங்கள் எல்லாம் உப்பாகி, எதை நட்டாலும் அழுகியது. அதன்பின் இலைசாவின் கடைதான் ஊருக்கே சமையலறை: அரிசி, மாவு, நூடுல்ஸ், டின் மீன். கப்பல் வந்தால் சாப்பாடு. ஒருமுறை மூன்று வாரம் கப்பல் வரவில்லை. எங்களில் ஒருத்தியான உலாமிலாவின் மகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். தேங்காயையும் மீனையுமே தின்று தின்று அவளுக்குக் குமட்டியது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்று உலாமிலா என் வீட்டுக்கு வந்து, "லிட்டியா, ரேடியோல சொன்னான்ல, உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு மானியம்னு. எழுதுடி. நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். மேட்டு நிலத்தில் நட விதைக்கிழங்கு, பன்றி புகாமல் கம்பிவேலி, கடப்பாரை. வேறெதுவும் நாங்கள் கேட்கவில்லை.

ஊர்க் கூடத்தில் பாய் விரித்து, கவா வேர்ப் பானம் கலக்கி, சம்பிரதாயம் எல்லாம் முடிந்தது. பிறகு இலைசா தன் கடை நூடுல்ஸையும் டின் மீனையும் தட்டில் வைத்து அதிகாரி முன்னால் நகர்த்தினார்.

"பொம்பளைங்க ஆசைப்பட்டு எழுதிட்டாங்க. நாங்க பேசி மாத்திட்டோம்மா. வேலிக்குப் பதிலா ஒரு பெரிய ஃப்ரீசர். என் கடையிலேயே வெச்சுக்கலாம். கோழி வரும், ஆட்டுக்கறி வரும். அதுவும் சாப்பாடுதானே?"

"யாரு பேசி மாத்துனது?" உலாமிலா பாயில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "எங்ககிட்ட யாரும் பேசல."

"நீ வேற தீவுலேருந்து வாக்கப்பட்டு வந்தவ. இந்த ஊர் மண்ணைப் பத்தி நீ பேசாத."

"இருபத்தாறு வருஷமா இந்த மண்ணுல குழி தோண்டுறேன், தலைவரே. நீங்க கடைசியா எப்பத் தோண்டுனீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். இலைசாவின் கழுத்து சிவந்தது. "அப்படின்னா நான் கையெழுத்துப் போடல."

தோரிகா தட்டைத் தொடவில்லை. தாளைப் புரட்டி, தயக்கத்தோடு சொன்னாள்: "கையெழுத்து இல்லாம பணத்த விட முடியாதுக்கா. என் கையில இல்ல அது."

"விடாட்டிப் போங்க. நாளைக்கு எங்க பாவாடையக் கிழிச்சு வேலி கட்டுறோம். ஆனா ஃப்ரீசருன்னு எழுதுன தாள்ல எங்க பேரு இருக்கக் கூடாது. அத இப்பவே அடிச்சிடுங்க" என்றாள் உலாமிலா.

எங்கள் விண்ணப்பத்தை நான் நான்கு தடவை திருத்தி எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். அதனால்தான் சட்டென்று நினைவுக்கு வந்தது. "மேடம், தலைவர் மட்டும்னு இல்லையே. 'அல்லது'ன்னு இருக்கே, கீழே பாருங்க."

தோரிகா விரல் வைத்துப் படித்தாள். "அல்லது நிலத்துக்கு உரிய குலத்தில் உயிரோடிருக்கும் மூத்தவர்."

இலைசா சிரித்தார். "அந்த மேட்டுக் குலமா? அதுல கடைசி ஆம்பள கடல்ல போய் ஒம்பது வருஷமாச்சு. குலமே இல்ல."

"ஆம்பளதான் இல்ல."

குரல் வாசற்பக்கமிருந்து வந்தது. வாசேமதா, இலைசாவின் மனைவி. இரண்டாவது முறை பரிமாறக் கடையிலிருந்து டின் மீன் எடுத்து வந்தவள், அதை இன்னும் கையில் வைத்திருந்தாள். இருபது வருடமாக அந்தக் கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுப்பதைத் தவிர அவள் எதுவும் பேசி நாங்கள் கேட்டதில்லை. கடலில் போனவன் அவள் தம்பி.

"நிலப் பதிவேட்டுல என் பேரு இருக்கு. எங்கப்பா எழுதி வெச்சது. எனக்கு மூத்தவங்க யாரும் இப்ப இல்ல" என்றாள். டின்னைக் கீழே வைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவே நடந்து வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்ணும் அப்படி நிமிர்ந்து நடந்து வந்ததில்லை. "எங்க போடணும்?"

"வாசே, வீட்டுக்குப் போ" என்றார் இலைசா, மெதுவாக. அந்த மெதுவான குரலுக்கு என்ன அர்த்தமென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் பேனாவை எடுத்தாள். எழுத்து கோணலாக விழுந்தது. ஆனால் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும், குலத்தின் பெயரையும் எழுதி முடித்த பிறகே நிமிர்ந்தாள்.

அன்று அவள் உலாமிலா வீட்டில் படுத்தாள். விடிந்ததும், மானிய வேலி வந்து சேரும்வரை காத்திராமல், நாங்கள் மேட்டுக்கு ஏறினோம். ஆள் உயரப் புல். வாசேமதா எங்கே எல்லை என்று யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் ஒரு பாறையருகே குனிந்து வெட்டத் தொடங்கினாள். பழக்கமில்லாத கை, சீக்கிரமே கொப்புளம் கண்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினாள்.

வெயில் ஏறும்போது கீழே பாதையில் இலைசா வருவதைப் பார்த்தோம். கடையைப் பூட்டியிருந்தார். கையில் வெட்டுக்கத்தி. அது சண்டைக்கா, வேலைக்கா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. உலாமிலா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நாங்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தோம். நாங்கள் வெட்டிய புல்லின் விளிம்பு வரை வந்து, அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

வாசேமதா திரும்பவில்லை. அவள் கத்தி விழும் சத்தம் மட்டும், ஒரே தாளத்தில், மேட்டின் மேல் ஏறிக்கொண்டே போனது.