இல்லாத கடைக்கு வழி

பூட்டுக்காரர் சாவியை இடுக்கியில் பிடித்து அரத்தால் நாலு தேய்ப்புத் தேய்ப்பார். உடனே கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து, 'பூட்டு ரிப்பேர்' என்று தட்டுவார். தம் கடையின் இணையப் பக்கம் முதலாவதாக வந்து நிற்கும். பார்த்துவிட்டு வைப்பார். மறுபடி அரம்; மறுபடி கைப்பேசி. சாவிக்காகக் காத்திருந்தவர்கள், இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வந்தது பயம்தான். இரண்டு தெரு தள்ளிப் பெரிய பூட்டுக் கடை ஒன்று திறந்திருந்தது. அன்று முதல் இவருடைய தொலைபேசி அடிப்பது குறைந்து, இப்போது அநேகமாக நின்றே போயிற்று. இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, இந்த வயதில் இன்னொருவர் கடையில் கூலிக்குப் பூட்டுத் திறக்க வேண்டியதுதான். தேடலில் முதலில் வந்தும் ஏன் யாரும் கூப்பிடவில்லை என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

கடையில் தொலைபேசி எடுப்பதும் சாவி வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதும் அவர் மனைவி. அவள் அதே சொற்களைத் தன் கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் கடை இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை.

"நாள் பூரா நம்ம பக்கத்தையே தொறந்து பாக்கறீங்க. அதான் உங்க போன் உங்களுக்கு ஜால்ரா போடுது" என்றாள். "ஊருக்கு நம்மளத் தெரியலங்க."

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. தேடுபொறி நிறுவனமே இலவசமாகத் தரும் கருவி ஒன்றில் கடையின் பக்கத்தைப் பதிந்து வைத்திருந்தாள். மக்கள் என்ன சொல்லைத் தட்டியபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது என்று அது காட்டும். 'கதவு தானா சாத்திக்கிச்சு', 'சாவி உள்ள மாட்டிக்கிச்சு' என்றுதான் மக்கள் தட்டியிருந்தார்கள். கடையின் பக்கத்திலோ 'தலைசிறந்த பாதுகாப்புத் தீர்வுகள்' என்று இருந்தது. இன்னொரு கருவி, பக்கம் கைப்பேசியில் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, மேலே இருக்கும் பெரிய பூட்டுப் படம்தான் தடை என்றது. ஞாயிறுதோறும் உட்கார்ந்து நாமே திருத்திவிடலாம், பலன் தெரியச் சில மாதம் ஆகும் என்றாள். மாதம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த அவசரத்துக்கென்றே ஒருவன் இருந்தான். எந்தக் கடையையும் முதல் பக்கத்தில் ஏற்றித் தருவதாகச் சொல்லித் திரிந்ததால் அவனுக்கு 'முதல்பக்கம்' என்றே பெயர்.

"அண்ணே, தேடுறவங்களுக்குக் கிட்ட இருக்கற கடையத்தான் மேல காட்டும். நீங்க எல்லாருக்கும் கிட்ட இருந்துட்டா முடிஞ்சுது" என்றான். தேடுபொறியின் வரைபடத்தில் தெருவுக்குத் தெரு அவர் பெயரில் ஒரு கிளையைக் குத்தி வைப்பானாம்.

"அங்கெல்லாம் எனக்குக் கடை இல்லையே, தம்பி."

"யாருண்ணே நடந்து வந்து பாக்கப்போறா? போன்தான் பண்ணுவாங்க."

பூட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அவர் கிளைகள் முளைத்தன. கூடவே அவன் ஏற்பாட்டில் முகம் தெரியாதவர்களின் பாராட்டுகளும் வந்தன. "உங்க சிரிச்ச முகத்தப் பத்தி எழுதியிருக்காங்க. என் கண்ணுக்கு மட்டும் ஏன் அது படல?" என்று மனைவி கேட்டாள். தொலைபேசி ஓயாமல் அடித்தது. அப்படியும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் திடுக்கிட்டார்.

ஒரு நாள் காலை, ஊரின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். துணி காயப் போட வெளியே வந்திருக்கிறாள். கதவு காற்றில் சாத்திக்கொண்டுவிட்டது. உள்ளே தவழும் குழந்தை, அடுப்பில் பால். "உங்க கடை எங்க தெருமுனையிலனு போட்டிருக்கு. ஓடி வந்து பாத்தா முடிதிருத்தற கடைதான் இருக்கு. எங்கங்க இருக்கீங்க?"

அவர் விலாசத்தைக் கேட்டுக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு வண்டியை விரட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் குழந்தை அழுவது போலவே கேட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. படிக்கட்டு வரை தீய்ந்த பாலின் புகை. அவள் ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே போயிருந்தாள். முழங்கையில் சுற்றிய துணி சிவந்திருந்தது. குழந்தை அவள் தோளில் இருமிக்கொண்டிருந்தது. ஆபத்து ஒன்றுமில்லை என்று எதிர்வீட்டு நர்ஸ் பார்த்துச் சொல்லியிருந்தாள். பூட்டுக்காரர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அவள் கத்தவில்லை. "பக்கத்துலயே கடை இருக்குனு நம்பித்தான் ஓடினேன்" என்றாள். "இல்லேனு தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே ஜன்னல உடைச்சிருப்பேன்."

அவர் திரும்பி வந்து, வேறு எதையும் தொடாமல், ஒவ்வொரு கிளையாக வரைபடத்திலிருந்து நீக்கினார். பொய்ப் பாராட்டுகளையும் நீக்கும்படி தேடுபொறி நிறுவனத்துக்கே எழுதினார். மனைவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பெரிய படம் போயிற்று, தீர்வுகள் போயின. 'கதவு சாத்திக்கொண்டதா? உள்ளே குழந்தையோ அடுப்போ இருந்தால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் ஜன்னலை உடையுங்கள்' என்பது முதல் வரியாயிற்று.

சேதி கேட்டு முதல்பக்கம் ஓடி வந்தான். நல்லா ஏறிவந்த கடையை இப்படி நீங்களே கவிழ்க்கலாமா, ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்றான். தொலைபேசி அன்று ஒருமுறைகூட அடிக்கவில்லை. பூட்டுக்காரரின் விரல்கள் பரபரத்தன. கைப்பேசியை எடுத்தவர், பார்க்காமலே மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, நம்மளத் தேடுறவன் பொழுது போகாமத் தேடல. கதவுக்கு வெளிய நின்னு தேடறான். அவனுக்கு இல்லாத கடைக்கு வழி காட்டறது, பூட்டின கதவுல நாமளும் ஒரு பூட்டத் தொங்கவிடற மாதிரி. எத்தனாவது பக்கத்துல வேணாலும் வரட்டும். நான் இருக்கற எடத்துலதான் இருக்கேன்னு சொல்லிட்டு இருந்துடறேன்."