பதினாறாம் மாடியில் துவாலு

1993 தை மாதம், ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், குணவதியின் உடுப்புக் குளோசெற்றுக்குள் துவாலு நாடு வந்து சேர்ந்தது. அதே கிழமை கட்டடத்தின் லிஃப்ற் இரண்டும் பழுதாகிவிட்டதால் அயலவர்கள் துவாலுவைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. குளிர்கோட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வெண்மணல், தென்னைகள், நடுவே ஒரு விமான ஓடுபாதை. விமானம் வராத நேரங்களில் ஊரே அதில் பந்து விளையாடியது. கடல் ஏறும்போது கணுக்காலளவு தண்ணீர் ஹோலுக்குள் வரும். குணவதி பழைய துவாய்களைச் சுருட்டிக் கதவடியில் வைத்தாள்.

அது தன் கணவன் அருள்நாயகத்தைத் தேடி வந்திருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கனடா என்று சொல்லி ஏற்றிய ஏஜென்சிக்காரன் அவனைப் பசிபிக் கடலின் நடுவே அந்தத் தீவில் இறக்கிவிட்டுத் தலைமறைவானான். அருள்நாயகம் முதல் மாதம் முழுக்க அதைக் கனடாவின் வெக்கையான பகுதி என்று நம்பி, பனி எப்போது கொட்டும் என்று கண்டவர்களையெல்லாம் கேட்டுத் திரிந்தான். பிறகு கேட்பதை விட்டு மீன் பிடித்தான், கள்ளுச் சீவப் பழகினான், நாலு வருடம் இருந்தான். ரொறொன்ரோவுக்கு வந்து ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கியபின் அவன் வாயில் ஷிஃப்ற் நேரத்தைத் தவிர வேறு கதை இல்லை. ஆனால் நித்திரையில் துவாலு மொழியில் சிரித்தான். தமிழில் அவன் நித்திரையில் சிரித்ததே கிடையாது.

அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று குணவதி முடிவு கட்டினாள். கேட்டால் அவன் முகம் சிவந்து, தண்ணீர் துடைக்கப் போய்விடுவான். ஆகவே ஒரு சனிக்கிழமை, அவன் வேலைக்குப் போனதும், நல்ல சேலையொன்றை உடுத்து, கோட்டுகளுக்கிடையால் நுழைந்து, மணலில் இறங்கினாள்.

அங்கிருந்தவர்கள் பெயர் கேட்டார்கள். சொன்னாள். ஓடுபாதையில் ஆட்டம் நின்றது. ஊர் முழுதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்து ஓர் ஈரப்பலா மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மாட்டளவு பெரிய பன்றி ஒன்று படுத்திருந்தது. அதன் பெயரும் குணவதி.

வந்த புதிதில் அழுதுகொண்டே இருந்தவனின் வாயை மூடத்தான் அந்தக் குட்டியைக் கொடுத்தோம் என்றாள் அந்தப் பெண். அவன் மாலைகளில் அதனோடு கதைத்தான். நாலு வருடக் கதையும் கேட்டதில் அதற்குத் தமிழ் விளங்கத் தொடங்கியது. இவ்வளவு கேட்ட பிராணியை விருந்துக்கு வெட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. குணவதி பன்றியைப் பார்த்தாள். அருள்நாயகத்தை அறைய வேண்டும்போல அவளுக்கு இருந்தது. அதைவிட, பன்றிமேல் பொறாமையாக இருந்தது.

அருள்நாயகம் வேலையால் வந்தபோது அவள் காலில் மணலோடு செற்றிக் கதிரையில் இருந்தாள்.

"பண்டிக்கு என்ரை பேரோ?"

அவன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றான். "வேறை பேர் வாயிலை வரேல்லை, குணவதி."

அவள் செற்றியில் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு, "இருங்கோ," என்றாள். "அதுக்குச் சொன்னதெல்லாத்தையும் எனக்கும் சொல்லுங்கோ."

அவன் பனிக்காகக் காத்திருந்த மாதத்திலிருந்து தொடங்கினான். தண்ணீர் ஏறியது, இருவரும் கால்களைச் செற்றிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு வார இறுதிகளை அவர்கள் துவாலுவில் கழித்தார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்ரென்டன் வந்து பார்த்து, நாய் வளர்க்கத்தான் தடை, நாட்டைப் பற்றி விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். 1998இல் றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கிப் போனார்கள். துவாலுவும் கூடவே போயிற்று. வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இடம் தாராளமாக இருந்தது.