அன்றைய கடைசி ஆபரேஷன்

குன்னூர் ஆஸ்பத்திரியில் அன்று ஆபரேஷனுக்கு முதலில் வந்து உட்கார்ந்தவள் தெய்வம்மா. பக்கத்தில், துணைக்கு வந்த வேலாமணி. இருவருக்கும் ஒரே தேயிலை எஸ்டேட், தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீடு. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தெய்வம்மாவைக் கூப்பிடவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் பார்த்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்திருந்தது. ஆபரேஷன் நடக்கும், ஆனால் கடைசியாக, அதன்பின் தியேட்டரைக் கழுவுவார்கள் என்றார் டாக்டர். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதும் திருப்பூருக்குப் போன புருஷன் பொன்ராஜிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை.

வேலாமணிக்கு இதெல்லாம் தெரியாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் முதலில் வந்த கூடைதான் முதலில் தராசேற வேண்டும். மேஸ்திரி தன் ஆளை நடுவில் நுழைத்தால் வழியை மறித்து நிற்பவள் அவள். இங்கும் அதுதான் நடக்கிறது என்று நினைத்துவிட்டாள். தோட்டத்து ஆள் என்றால் இளக்காரமா என்று வராந்தா முழுக்கக் கேட்கப் பேசினாள். நர்ஸ் ஒருமுறை தெய்வம்மாவைப் பார்த்தார். டாக்டர் சொன்ன வரிசை என்று மட்டும் சொன்னார்.

"அப்ப டாக்டர்கிட்டயே கேட்டுக்கறேனுங்க. என்ன காரணம்னு எல்லாரும் கேக்கட்டும்" என்று வேலாமணி எழுந்தாள்.

தெய்வம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஜன்னலோரம் அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டாள். அதிக நேரம் ஆகவில்லை.

வேலாமணி வெளியே பார்த்தபடி நின்றாள். மூடுபனி ஏறி எதிர்ச் சரிவு மறைந்தது, மறுபடி தெரிந்தது. தெய்வம்மா அவள் முதுகையே பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள். இனி குடத்தை எங்கே கொண்டு வைப்பாளோ.

நர்ஸ் வந்து, நகையெல்லாம் கழற்றித் துணையாளிடம் கொடுக்கச் சொன்னார். கம்மல் வந்தது. மூக்குத்தியின் திருகு இறுகிக் கிடந்தது. திருகத் திருக ஓரத்தில் ரத்தம் கசிந்தது. வேலாமணியின் கை பாதி நீண்டு நின்றது.

"தொடாதக்கா" என்றாள் தெய்வம்மா.

வேலாமணி நர்ஸிடம் ஒரு கிளவுஸ் கேட்டு வாங்கினாள். அதை மாட்டிக்கொள்வதைப் பார்க்கக் கொஞ்சம் வலித்தது தெய்வம்மாவுக்கு. அந்தக் கை வந்து அவள் முகவாயை நிமிர்த்தியது.

"ஆடாம நில்லு, புள்ள. வெளிய வந்ததும் நானே போட்டுவிடறேன்."