முதல் படகில் ஓர் இடம்

ராணுவ அகாடமியின் படகுக் கொட்டகை ஆற்றை ஒட்டிய பழைய கல் கட்டடம். தலைமுறை தலைமுறையாக அங்கே துடுப்பு போட்ட அணிகளின் பெயர்ப்பலகைகள் சுவர் முழுக்கத் தொங்கின. இளவயதில் அங்கே துடுப்பு போட்டவர்தான் இப்போதைய கோச். அவர் மகளும் கேடட்டாகச் சேர்ந்து அதே கொட்டகைக்கு வந்தாள். அங்கே அவர் ‘சார்’, வீட்டில்தான் அப்பா.

பந்தயத்துக்குப் போகும் எட்டுப் பேர் முதல் படகுக்கு ஏழு பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு மகளும், ‘நெட்டை’ என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணும் போட்டி. கோச்சுக்குத் தர்மசங்கடம். மகளை எடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். விட்டால் வீட்டில் முகம் கொடுக்க முடியாது. பொறுப்பை உதவிக் கோச்சின் தலையில் கட்டிவிட்டு, தேர்வு நாளன்று பல்வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். உதவிக் கோச் நெட்டையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்த மகள் சாப்பிட உட்கார்ந்தாள்.

“உங்கப்பாவுக்குப் பல்வலி போயிடுச்சு. நீ வர்றேன்னதும் வயித்தக் கலக்க ஆரம்பிச்சிடுச்சு” என்றாள் அம்மா.

மகள் சிரிக்கவில்லை. “நெட்டை என்னைவிட நல்லாத்தான் போட்டா. அதுல எனக்கு வருத்தமில்லப்பா. ஆனா நீங்க வந்து பார்க்கக்கூட இல்லையே.”



மறுநாள் காலை கோச் கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “எனக்குப் பல்வலியெல்லாம் இல்ல. முடிவு சொல்லப் பயந்துதான் வரல. நெட்டையோட இடம் நெட்டைக்குத்தான், அதுல மாத்தமில்ல. ஆனா ரெண்டு பேர் ஓட்டுறதையும் நான் பார்க்கணும்.”

ஒற்றைப் படகுகளில் இருவரும் தனித்தனியாகப் போனார்கள். மோட்டார் படகில் அவர் கூடவே போய்ப் பார்த்தார். திரும்பியதும் மகளிடம் நேராகவே வந்தார்.

“துடுப்ப முழுசா இழுத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த இழுப்புக்குப் பறக்குற. எல்லாரும் ஒண்ணா இழுக்கற படகுல அது ஆகாது. இந்த வருஷம் உனக்கு ரெண்டாவது படகுதான்.”

அவள் காது சிவந்துவிட்டது. “சரி, சார்” என்றாள். பிறகு, “எந்த இடத்துல பறக்குறேன்னு காட்டுவீங்களா?” என்று கேட்டாள்.

கோச் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இரட்டைப் படகை இறக்கச் சொன்னார். மகளை முன்னால் உட்காரவைத்து, அவள் முதுகைப் பார்த்தபடி பின் இருக்கையில் தானே ஏறிக்கொண்டார்.

“மெதுவா. முதல்ல இழுத்து முடி” என்றார்.

வெயில் ஏறும்வரை இருவரும் கரைக்குத் திரும்பவில்லை.