பொரியின் வண்டிக்காரர்

அத்தாவின் தாடையைச் சேர்த்துக் கட்டுவதற்காக மாஜிதா பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். துணி கிழிபடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அம்மா நூர்னிசா கால்மாட்டில் உட்கார்ந்து புருஷனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். யாரும் அழவில்லை. ஹுமாயூன் வாதம் வந்து படுக்கையில் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அழுகையெல்லாம் அப்போதே தீர்ந்துபோயிருந்தது.

எதிர்வீட்டுக் கோதைநாயகி வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வரலாமா என்று தயங்கியவள், மாஜிதாவைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"இன்னைக்குத்தான்டி டி.வி.யில அந்தப் படம் போடுதான். மத்தியானம். மெட்ராஸ்லருந்து அந்தத் தம்பி எங்க வீட்டுக்குப் போன் பண்ணுச்சு. விடிஞ்சதும் ஒங்கத்தாட்டச் சொல்லணும்னு இருந்தேன்."

மாஜிதா திரும்பி அத்தாவைப் பார்த்தாள். கையில் துணி இருந்தது.

படம் பொரியைப் பற்றியது. பொரி, ஹுமாயூனின் ஜட்கா குதிரை. பழுப்பு உடம்பில் பொரியை அள்ளித் தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். குட்டை. பின்னங்கால் ஒன்று வெளிப்பக்கமாக வீசும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஆண்டாள் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த அந்தக் குதிரையை அவர் வண்டிப் பந்தயத்தில் இறக்கியபோது ராஜபாளையம் ரோட்டில் சனம் சிரித்தது. பொரி கடைசியாக வந்தது. அடுத்த வருஷமும் கடைசி. ஆனால் ஜெயித்த வண்டிகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் கூட்டம் கலையாமல் நிற்கத் தொடங்கியது. பொரி வரட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று. எண்பத்தைந்தில் ஒரே ஒரு முறை அது முதலில் வந்தது. அன்று ஹுமாயூனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரடியைச் சுற்றினார்கள். பொரி செத்தபோது கடைக்காரர்கள் மாலை கொண்டுவந்து போட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்டு மெட்ராஸிலிருந்து சம்பத்குமார் என்ற தாடிக்காரப் பையன் கேமராவோடு வந்தான். ஹுமாயூன் அவனிடம் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். படம் எடுத்துக்கொண்டு அவன் போன கொஞ்ச நாளில் வாதம் வந்தது. வாய் கோணிக்கொண்டது. அதோடு பேச்சும் போய்விட்டது. ராஜபாளையத்தில் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த மாஜிதா வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அம்மாவை விட்டால் பார்ப்பதற்கு வேறு ஆளும் இல்லை.

ஹுமாயூனின் தம்பி காதர் பள்ளிவாசலில் சொல்லிவிட்டு வந்தார்.

"மத்தியானம் ளுஹர் தொழுகையோட எடுத்துருவோம் மதினி. வெயில் தாங்காது."

"சாயங்காலம் அஸருக்குப் பொறவு எடுத்தா என்ன?" என்றாள் நூர்னிசா.

"எதுக்கு? யாரும் வரணுமா?"

"யாரும் வர வேண்டாம்."

காதருக்குப் புரியவில்லை. மாஜிதாவுக்குப் புரிந்தது. அவர் பின்னாலேயே கொல்லைக்குப் போனாள். குளிப்பாட்டுவதற்கு அங்கே தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது.

"சின்னத்தா, இன்னைக்கு டி.வி.யில அத்தா பேசுதாவ. அது முடியுற வரைக்கும் அவியளும் வீட்டுல இருக்கட்டும்னு அம்மா நெனைக்காவ."

"மையத்த வச்சுக்கிட்டு டி.வி.யா? நாலு பேரு காதுல விழுந்தா என்ன பேசுவான்?" என்று காதர் சீறினார். பிறகு அடுப்பைப் பார்த்தபடி நின்றார். "எனக்கு மட்டும் அவிய பேச்சக் கேக்க ஆசை இல்லையா தாயி? ஆனா மையத்தக் காக்க வைக்கக் கூடாது."

வெயில் ஏற ஏற ஆட்கள் வந்தார்கள். பந்தயத்துக்காரர்கள், ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்காரர்கள், பெயர் தெரியாதவர்கள். எல்லோரும் பொரியைப் பற்றியே பேசினார்கள். ராஜபாளையத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்த கண்ணபிரான் ராஜா, கபன் துணி சுற்றிய உடம்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பொரியிடம் தோற்றது அவருடைய குதிரைதான்.

"என்ன குதிரைம்மா அது!" என்றார் மாஜிதாவிடம். "எங்குதிரைக்கு முட்டையும் பாலுமா ஊத்துனேன். அது என்னத்தத் தின்னுட்டு ஓடுச்சோ!"

"புல்லுதான்" என்றாள் மாஜிதா.

வந்த ஒருவரும் அத்தாவின் முதுகுப் புண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. ராத்தூக்கம் இல்லாமல் அவள் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்த இந்த உடம்பு யாருக்கும் தெரியவில்லை. கடிவாளத்தைப் பிடித்திருந்த ஆளைத்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது அவர்கள் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் தெருமுனை தாண்டி மறைந்தது. ஆண்கள் எல்லோரும் போய்விட, வீட்டில் பெண்கள் மட்டும் மிச்சம். நூர்னிசா இத்தாவில் உட்கார்ந்தாயிற்று. இனி மாதக்கணக்கில் வாசல் தாண்டக் கூடாது.

கோதைநாயகி திரும்ப வந்தாள். "நூரக்கா, நீங்க வர வேண்டாம். டி.வி.யத் தூக்கி ஜன்னல்ல வச்சிருக்கேன். சத்தத்தக் கூட்டி வைக்கவா?"

காதரின் மாமியார், "தவுபா, தவுபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னும் மண்ணுகூட மூடியிருக்க மாட்டாக."

நூர்னிசா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஜன்னலத் தெற மாஜிதா."

தெரு வெயிலில் படம் தெரியவில்லை. கண்ணாடியில் நிழல் மாதிரி ஏதோ அசைந்தது. சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. முதலில் வயலின். பிறகு யாரோ ஒருவர் செந்தமிழில் ஊரைப் பற்றிச் சொன்னார். குளம்புச் சத்தம். அப்புறம், சற்றும் எதிர்பாராத இடத்தில், அவர்.

"ஜெயிச்சது ஒரு வாட்டி தம்பி. தோத்தது எம்புட்டோ. தோத்துட்டு வருவோம், வாசல்ல தொட்டியில தண்ணி ரொம்பி இருக்கும். ஜெயிச்சியளா தோத்தியளான்னு எங்க வீட்டுல ஒரு நாளும் கேட்டதில்ல. எம்மவ ஓடியாந்து மொதல்ல பொரி மூஞ்சியத் தொடைப்பா. பொறவு எப்படித் தம்பி அடுத்த வருசம் ஓடாம இருக்க?"

பாயில் இருந்த பெண்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"கேட்டிருக்கேன்" என்றாள் நூர்னிசா, ஜன்னலைப் பார்த்து. "ஒவ்வொரு வாட்டியும் கேட்டிருக்கேன். வாயத் தெறக்க மாட்டாவ. கொள்ளு ஊற வச்சியான்னு கேப்பாவ."

எதிர்வீட்டில் சம்பத்குமாரின் குரல், ஜெயித்த அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டது. ஹுமாயூன் சிரித்தார். சிரிப்பு இருமலாகத் திரும்பியது. நெஞ்சைப் பிடித்து இழுக்கும், மூச்சு நின்று நின்று வரும் நீண்ட இருமல்.

மாஜிதா எழுந்தாள். பானையைத் திறந்து தம்ளரில் தண்ணீர் மொண்டு, சிந்தாமல் வேகமாகக் கட்டிலடிக்கு வந்தாள்.

கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்த இடத்தில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருமல் அடங்கி, வேறு யாரோ பேசத் தொடங்கியிருந்தார்கள்.

நூர்னிசா கையை நீட்டித் தம்ளரை வாங்கி, மெதுவாகக் குடித்தாள்.